பாலம் எடுக்கும் நாள்

வாளி நிமிர்ந்து நின்றது.

கதவைத் தள்ளிய கையோடு குன்வோர் முதலில் பார்த்தது அதைத்தான். கடைசியாக மேலே வந்தபோது அதைக் கழுவித் துடைத்து, இரும்பு அடுப்புக்குப் பின்னால் அவளே கவிழ்த்து வைத்திருந்தாள். செப்டம்பர் பிறந்துவிட்டால் மலைக் குடிலில் யாரும் வாளியில் தண்ணீர் விட்டு வைப்பதில்லை. ஓர் இரவு உறைந்தால் போதும், அடி பிளந்துவிடும். இப்போது அது மேசைக்குப் பக்கத்தில் விளிம்பு வரை தண்ணீரோடு நின்றது, யாரோ ஓடையிலிருந்து தூக்கிவந்து வைத்துவிட்டு மூச்சு வாங்க வெளியே போனது போல. தண்ணீரின் மேல் தூசி இல்லை. செத்த ஈ இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு சின்ன வளையம் எழுந்து, விரிந்து, விளிம்பைத் தொட்டு அடங்கியது. கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஒழுகவில்லை.

பூட்டிக் கிடந்த குடிலின் வாசனை அடித்தது: பழைய புகை, ஈரக் கம்பளி, எலி. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஆற்றுக்கல்லைப் புரட்டினால் அதன் அடிப்பக்கத்திலிருந்து வருமே, அந்தக் குளிர்ந்த வாசனை.

வெளியே சுத்தியல் சத்தம் கேட்டது. ஓட்முன் வடக்கு ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தான். அறுபத்தொரு வயது. முப்பது வருடமாக ஆடு மேய்க்கிற கால்கள். அவளுக்கோ ஐம்பத்துநான்குதான், ஆனால் வலது முட்டி எழுபதைத் தாண்டிவிட்டது. காலையில் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததுமே அவன் முன்னால் போய்விட்டான். அவளுக்கு இருபது நிமிடம் முன்பே வந்து பூட்டைத் திறந்திருந்தான்.

இருபது நிமிடம். ஏனென்று தெரியாமலே அதை அவள் மனம் குறித்து வைத்துக்கொண்டது.

“யோவ் ஓட்முன்! வாளியில தண்ணி பிடிச்சது நீயா?”

சுத்தியல் நின்றது. “எந்த வாளி?”

“இங்க எத்தனை வாளி இருக்கு?”

“நான் உள்ளயே வரலம்மா. பூட்டைத் திறந்தேன், ஏணியை எடுத்தேன், வேலையைப் பார்க்கிறேன். வந்ததும் வராததுமா காபிக்கு அலையுற ஆளு நான் இல்ல.”

“அப்போ யாரு பிடிச்சு வச்சது?”

“மலைப் பூதம். கொட்டிட்டு அடுப்பை மூட்டு போ.”

மறுபடி சுத்தியல். அவன் குரலில் எதுவும் இல்லை. எதுவுமே இல்லாததுதான் அவளை உறுத்தியது.

குடிலின் வருகைப் புத்தகம் கதவோரப் பலகையில் இருக்கும். வருகிறவர் எவரானாலும் காலணியைக் கழற்றும் முன்பே அதில் எழுதிவிட வேண்டும். பெயர், தேதி, எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார். கடைசியில் வானிலையோ புலம்பலோ எழுத ஓர் அகலமான கட்டம். மலையில் ஒருவர் காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். ஸ்கார்பு குடிலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குன்வோருடையது, அதனால் புத்தகமும் அவளுடையது. சம்பளம் இல்லாத வேலை. வார நாட்களில் ஊர் முதியோர் இல்லத்தில் சமையல், ஓய்வு நாட்களில் இது. பதினோரு வருடமாக.

வாளியை யார் நிரப்பியது என்று தெரிந்துகொள்ளக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

ஒன்பது நாளுக்கு முன்பு பெர்கனிலிருந்து வந்த கணவன் மனைவி. டீச்சர் கையெழுத்து. விறகு அடுக்கியாயிற்று, எலிப்பொறி வைத்தாயிற்று, வாளியைக் கவிழ்த்தாயிற்று, நன்றி.

அதற்குக் கீழே இன்னும் ஒரு பதிவு இருந்தது.

தேதி, இன்றைய தேதி. பெயர்க் கட்டம் காலி. எங்கிருந்து: ஸ்கார்பு. எங்கே: ஊருக்கு, பாலம் வழியாக. விரல் விறைத்துப்போன ஆள் பென்சிலை முஷ்டியில் பிடித்து இழுத்தது போல எழுத்துகள் கோணிக்கொண்டு ஓடின. கடைசிக் கட்டத்தில்:

‘மூன்று மணி. பாலத்தை எடுத்துவிட்டார்கள். அக்கரையில் இரண்டு பேர். கத்தினேன். பெண் கை அசைத்தாள். குடிலுக்குத் திரும்பி வந்தேன். அருவிக்கு மேலே கடந்து பார்க்கிறேன்.’

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. பாலம் அதன் இடத்தில் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன்பு அதன் மேல் நடந்துதான் வந்திருந்தாள்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த வரிகள் அவளுக்குப் புதிதில்லை. போன வருடம் இதே புத்தகத்தில், இதே சொற்களை, வேறு கையெழுத்தில் படித்திருந்தாள். படித்து, பக்கத்தைக் கிழித்து, எதிரே இருக்கும் இந்த அடுப்பில்தான் எரித்தாள். சாம்பலைக் கரண்டியால் கலைத்தும் விட்டாள்.

*

போன வருடம் நடந்தது இவ்வளவுதான்.

குடிலுக்கும் ஊருக்கும் நடுவில் ஆறு. ஆற்றின் மேல் பதினெட்டு மீட்டர் அலுமினியப் பாலம். அதிலிருந்து நீரோட்டத்தின் போக்கில் இருபது அடி தள்ளி ஆறு விளிம்பைத் தாண்டி அருவியாக விழுகிறது. பனிக்காலத்தில் விட்டுவைத்தால் ஐஸ்கட்டி பாலத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பதால், வருடா வருடம் செப்டம்பர் கடைசியில் அதை ஊர்க்கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு ஜூனில் மறுபடி தள்ளுவார்கள். இழுப்பதற்கு முன்பு குடிலுக்கு ஏறிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும், மேலே யாராவது இருக்கிறார்களா என்று. எழுதி ஒட்டாத விதி. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விதி.

போன வருடம் அவர்கள் பார்க்கவில்லை. புயல் வருகிறது என்றார்கள். அறிவித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே பாலத்தை எடுத்துவிடலாம் என்றான் ஓட்முன். மேலே ஒருத்தரும் இருக்க மாட்டார்கள் என்றாள் அவள். பாலம் பாதி வழி வந்திருந்தபோது அவள் தலையைத் தூக்கினாள். குடில்கரையில், மூடுபனிக்குள், ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. கையைத் தூக்கி அசைத்துக்கொண்டிருந்தது.

மலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கை அசைப்பது வழக்கம். ஊருக்குள் அடுத்த வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போகிறவர்கள்கூட மலையில் முன்பின் தெரியாதவனுக்குக் கை அசைப்பார்கள். குன்வோரும் அசைத்தாள்.

“யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே?” என்றான் ஓட்முன், பாலத்தைச் சங்கிலியால் இழுக்கும் கைச்சுற்று எந்திரமான வின்ச்சின் மேல் குனிந்தபடியே.

“அருவிச் சத்தம்” என்றாள்.

பாலத்தைத் திரும்பத் தள்ளி, பொருத்தி, மறுபடி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். காற்று ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. அந்த ஆள் வணக்கம் சொல்கிறான், இப்போதுதான் மலையிலிருந்து வந்திருப்பான், குடிலுக்குத்தான் போவான். இப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டபோதே அது பொய் என்றும் தெரிந்திருந்தது.

நான்கு நாள் கழித்துத் தேடல் தொடங்கியது. யார்லே ஹோல்தெ, முப்பத்தொரு வயது, தனியாக நடந்தவன். பாலத்தை மறுபடி போட்டு, குடிலுக்கு ஏறிப் புத்தகத்தைப் பார்த்து வரச் சொல்லி இவர்கள் இருவரையும்தான் அனுப்பினார்கள். அவள் பக்கத்தைக் கிழித்தாள். ஸ்கார்புவுக்கு யாரும் வரவில்லை என்று சொன்னாள். ஹெலிகாப்டர்கள் எட்டு நாள் வேறொரு பள்ளத்தாக்கில் சுற்றின. பிறகு பனி விழுந்துவிட்டது.

அன்றைக்குக் குடிலுக்குள் முதலில் நுழைந்தது யார்? அதைத்தான் இப்போது பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தாள். ஓட்முன்தான். அவள் வாசலில் காலணியில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே போனான், வெளியே வந்தான், விறகு எடுக்கப் போவதாகச் சொன்னான். ஒரு பக்கத்தைப் படிக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

படித்திருக்கிறான். ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். இன்றைக்குத் தேதி போட்டு எழுதி வைத்துவிட்டு, அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறான்.

சுத்தியல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்தைக் கிழித்தாள். தாள் ஈரமாக இருந்ததால் சத்தமே வரவில்லை. மடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தாள். உடனே தொடையில் சில்லென்று இறங்கியது.

*

ஓட்முன் உள்ளே வந்து மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். அன்று முழுக்க அவனுக்கு அதே வேலைதான். துடைப்பான், மாட்டுவான், மூடுபனி மறுபடி அதை வெள்ளையாக்கும்.

“காபி எங்க?”

“இப்பதான் வைக்கிறேன்.”

“இவ்வளவு நேரம் என்ன பண்ணின?”

“சாமான் எண்ணினேன்.”

அவன் ரொட்டியின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்து அவளிடம் ஒன்றை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை.

“புத்தகத்தைப் பார்த்தியா?” என்றான்.

“பார்த்தேன்.”

“யாரும் மேல இல்லியே?”

“இல்ல.”

“நல்லாப் பார்த்தியா? போன வருஷமும் இல்லன்னுதான் சொன்ன.”

அவள் குவளையை மேசையில் வைத்தாள். “அதுக்கு என்ன இப்போ?”

“ஒண்ணும் இல்லம்மா. எதுக்கு இப்படி விறைக்கிற?” வாயில் ரொட்டியோடு பேசினான். “அந்தப் பொண்ணு போன வாரம் எனக்குப் போன் பண்ணிச்சு. யார்லேயோட அக்கா. அவங்க ரெண்டு பேரும் சின்ன வயசுலேர்ந்தே குடில் குடிலா நடந்தவங்களாம். அவன் புத்தகத்துல எழுதாம ஒரு வாசப்படியையும் தாண்டினது கிடையாதாம். அப்போ ஸ்கார்பு புத்தகத்துல எப்படி இல்லாமப் போச்சுன்னு கேக்குது.”

“இங்க வரல. அதனால இல்ல.”

“நானும் அதைத்தான் சொன்னேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்ணாடி இல்லாத அவன் கண்கள் சின்னதாக, ஈரமாக, எங்கே பார்க்கின்றன என்று பிடிபடாமல் இருந்தன. “நீ சொன்னதைத்தான் நான் சொல்லிக்கிட்டிருக்கேன், குன்வோர். ஒரு வருஷமா.”

அந்த அக்கா ஜூனில் முதியோர் இல்லத்துச் சமையலறைக்கே வந்திருந்தாள். குன்வோர் அவளுக்குக் காபியும் கேக்கும் கொடுத்தாள். இரண்டாவது துண்டு வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். கடை வாசல் அறிவிப்புப் பலகையில் தம்பியின் படத்தை ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒட்டிவிட்டுப் போகிறவள். ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதை குன்வோர் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். வேலை போகும். வழக்கு வரும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஊரில் ஒவ்வொரு முகமும் அவளைப் பார்க்கும்.

அந்தக் காகிதம் தொடையில் இன்னும் ஈரமாகவே இருந்தது. உடம்புச் சூட்டில் இந்நேரம் காய்ந்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது அவளுடைய சிவப்பு மழைக்கோட்டைக் காணோம்.

கதவுக்குப் பக்கத்து ஆணியில்தான் மாட்டியிருந்தாள். ஆணிக்குக் கீழே தரையில் ஒரு குட்டை ஈரம். கோட்டு இல்லை.

“என் கோட்டை எடுத்தியா?”

“உன் கோட்டு எனக்கு எந்தக் கையில மாட்டும்?” ஓட்முன் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினான். “பையில திணிச்சிருப்ப. தேடு.”

தேடினாள். பையில் இல்லை. பெஞ்சுக்கு அடியில், படுக்கை அறையில், எங்கும் இல்லை.

“என்னம்மா, மூணு மணிக்குள்ள ஆத்துக்குப் போகணும். விட்டுட்டுப் போன சாமான் பெட்டியில ஏதாவது கிடக்கும், மாட்டிக்க. ஊருக்குள்ள யாரு உன்னைப் பார்க்கப் போறாங்க?”

மூன்று மணி. அவன் அதை ஏன் சொன்னான்?

வருடம் முழுக்க மறந்துபோட்ட சாமான்கள் கிடக்கும் அந்தப் பெட்டியில் ஒரு கையுறை, ஒரு குழந்தைத் தொப்பி, ஒரு மழைக்கோட்டு இருந்தன. மழைக்கோட்டு மஞ்சள். எல்லாக் கடையிலும் கிடைக்கும் மஞ்சள், மீன் ஆலைக்காரர்கள் போடுவது, ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது. வெளியே ஆலங்கட்டியும் மழையுமாகக் கலந்து விழுந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லை. போட்டுக்கொண்டாள். உட்பக்கம் குளிர்ந்திருந்தது. கைகள் சரியான நீளம்.

ஓட்முன் அவளை மேலும் கீழும் பார்த்தான். “அம்மணிக்கு மஞ்சள் பொருத்தமாத்தான் இருக்கு.”

*

இறக்கத்தில் அவனை முன்னால் விட்டாள். தன் முதுகுக்குப் பின்னால் அவன் வருவதை அவள் விரும்பவில்லை.

பாதை கற்குவியலுக்குக் கற்குவியல் இறங்கியது. ஒவ்வொன்றின் மேலும் அவளே வருடா வருடம் தீட்டுகிற சிவப்புக் குறி. மூடுபனியில் ஒரு குறியிலிருந்து அடுத்த குறி தெரியவில்லை. பாசியும் நனைந்த புல்லும் காலடிகளை விழுங்கின. இடப்பக்கம் பள்ளத்தாக்கு இருந்தது, ஆனால் இருந்ததற்கு அடையாளமாகக் கீழிருந்து எழுந்த ஈரக்காற்று மட்டும்தான். அதற்கும் அப்பால் அருவி. முதலில் காதில் ஏதோ அடைத்தது போல, பிறகு யாரோ தூரத்தில் லாரி எஞ்சினை ஓடவிட்டு மறந்துபோனது போல, பிறகு எல்லாப் பக்கமும் அதுவாகவே.

அவள் மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். நான்காவது முறை வேண்டாம் என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

முன்னால் போன ஓட்முன் நிற்காமலே கத்தினான். “முட்டி வலின்னு சொல்லிட்டு என்னைத் தள்ளிக்கிட்டே வராத! பாறை வழுக்குது!”

அவள் அவனுக்குப் பத்தடி பின்னால் இருந்தாள்.

“நான் தள்ளல” என்றாள்.

அவனுக்குக் கேட்கவில்லை. அவன் முதுகில், சாம்பல் நிறக் கோட்டில், தோளுக்குக் கீழே ஒரு கறுப்பு ஈரத் திட்டு. மழைதான். மழை அப்படி ஓரிடத்தில் மட்டும் நனைக்குமா என்று அவள் யோசிக்க விரும்பவில்லை. நாடகம் என்று நினைத்துக்கொண்டாள். வாளி, எழுத்து, கோட்டு, இப்போது இது. தவணை தவணையாக அவளைப் பயமுறுத்துகிறான். கடைசியில் கேட்பான். என்ன கேட்பான்? அல்லது கேட்கவே மாட்டானா?

பாலம் மூடுபனிக்குள்ளிருந்து வந்தது. பாதிப் பாலம். மறுபாதியும் ஊர்க்கரையும் வெள்ளைக்குள் இருந்தன. அடியில் ஆறு கறுப்பாக, தசை போல முறுக்கிக்கொண்டு விளிம்பை நோக்கி ஓடியது.

வேலை முறை எளிது. குடில்கரையில் பாலத்தின் முனை பாறையோடு இரண்டு போல்ட்டுகளால் பூட்டியிருக்கும். ஒருவர் ஊர்க்கரைக்குப் போய் வின்ச்சைத் தயார் செய்வார். இன்னொருவர் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுப் பாலத்தைக் கடந்து வந்து, வின்ச்சில் குனிந்திருப்பவரின் முதுகில் உள்ளங்கையால் ஓர் அடி அடிப்பார். அதுதான் சைகை. அருவிச் சத்தத்தில் பேசிப் புண்ணியமில்லை. முதுகில் கை விழுந்ததும் ஓட்முன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்ற ஆரம்பிப்பான். வந்தவர் இரண்டாவது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். பதினோரு வருடமாக அப்படித்தான்.

ஓட்முன் அவள் காதுக்கருகில் வந்து கத்தினான். “ஸ்பேனரைக் கொடு! நான் கழட்டுறேன், நீ அந்தப் பக்கம் போ!”

“எப்பவும் நான்தானே கழட்டுறேன்?”

“முட்டியை மடக்கி உக்காரணும்ல! போ!”

கை நீட்டியபடி நின்றான். அவள் பாலத்தைப் பார்த்தாள். நடுவில் தான் நடந்துபோவதைப் பார்த்தாள். அப்போது போல்ட்டுகள் அவன் கையில் இருக்கும். பாலத்தின் முனை அவன் காலடியில். இருபது அடி தள்ளி அருவி. யாரும் பார்க்கமாட்டார்கள். பார்த்தாலும் கை அசைப்பார்கள்.

“நீ போ” என்றாள். “முட்டி என்னோடது.”

“என்ன, என் மேல நம்பிக்கை இல்லியா?” சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஏதோ சொல்ல வாயெடுத்தான். “குன்வோர், அந்தப் புத்தகத்துல…”

“என்ன?”

அவன் தலையை ஆட்டினான். “கீழ போய்ப் பேசுவோம். காபி குடிச்சுக்கிட்டு.”

அவள் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினான். நான்கு எட்டில் இடுப்பு வரை வெள்ளை. ஆறு எட்டில் ஆளே இல்லை.

அவள் மண்டியிட்டாள்.

முதல் போல்ட் சுலபமாகச் சுற்றி வந்தது. இரண்டாவது துருப்பிடித்திருந்தது. ஸ்பேனரைக் கல்லால் தட்டினாள். விரல்கள் மரத்துப் போயின. அருவி மண்டைக்குள் ஓடியது. மூடுபனி ஒருமுறை கிழிந்தது, மறுகரை தெரிந்தது. ஓட்முனின் குனிந்த முதுகு. வின்ச். அவ்வளவுதான். நல்லது. அவன் அங்கே இருக்கிறான். காத்திருக்கிறான். அவள் போய் முதுகில் தட்டுகிறவரை சுற்றமாட்டான். அதில் மட்டும் சந்தேகம் இல்லை.

மூடுபனி மூடிக்கொண்டது.

அந்தக் குளிர்ந்த வாசனை. கல்லுக்கு அடியிலிருந்து வருவது. அவளுக்குப் பின்னாலிருந்து வந்து, பக்கத்தில் நின்று, தாண்டிப் போனது.

பாலம் லேசாக அதிர்ந்தது. யாரோ நடக்கும்போது அதிர்கிற மாதிரி.

தலையைத் தூக்கினாள். வெள்ளை. பாலத்தின் மேல் ஈரம். முன்பே இருந்ததுதான். மழைதான்.

போல்ட் விட்டுக்கொடுத்தது. கையோடு வந்தது. அவள் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டு, பாலத்தின் முனையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

முனை அவள் கையிலிருந்து நழுவியது.

ஒரு சாண். நின்றது. மறுபடி ஒரு சாண். சங்கிலி இறுகும் சத்தம் கேட்கவில்லை, விரல்களில் தெரிந்தது. அவள் பாய்ந்தாள். முட்டி மடங்கியது. பாறையில் முகவாய் மோதியது. எழுந்தபோது பாலத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மீட்டர் கறுப்புத் தண்ணீர். பிறகு இரண்டு.

“ஓட்முன்!”

அருவி.

“ஓட்முன்! நான் இங்க இருக்கேன்!”

மூடுபனி விலகியது. திரைச்சீலையை யாரோ ஒதுக்கியது போல, நிதானமாக, முழுசாக.

வின்ச்சுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஒரு பக்கம் ஓட்முன். மறுபக்கம், இரண்டாவது கைப்பிடியைப் பிடித்து, அவனோடு ஒரே சீராகக் குனிந்து நிமிர்ந்துகொண்டு, சிவப்பு மழைக்கோட்டு. அவளுடையது. அவள் கையாலேயே தைத்த முழங்கை ஒட்டு. தலை மூடி முகம் வரை இழுத்து விடப்பட்டிருந்தது.

ஓட்முன் ஏதோ சொல்லிச் சிரித்தான். கோட்டைக் காட்டிச் சிரித்தான். கடைசியில் கண்டுபிடிச்சிட்டியா என்றிருப்பான்.

அவள் கத்தினாள். தொண்டை கிழிந்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தாள். குதித்தாள். மஞ்சள் கைகள். இவ்வளவு தூரத்தில், ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற ஒருவனுக்கு, ஒரு மஞ்சள் புள்ளி வணக்கம் சொல்கிறது.

பாலம் பாதி வழி போயிருந்தது.

ஓட்முன் நிமிர்ந்தான். கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். தலையைச் சாய்த்து ஆற்றுப் பக்கம் காதைக் கொடுத்தான். அவன் வாய் அசைந்தது. எதிரே இருந்த ஆளிடம் கேட்டான். என்ன கேட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் தெரியும்.

சிவப்புத் தலை இல்லையென்று ஆடியது. முகவாயால் அருவியைக் காட்டியது.

ஓட்முன் தலையசைத்தான். குனிந்தான். சுற்றினான்.

கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பாலத்தின் முனை ஊர்க்கரைப் பாறையில் ஏறி அமர்ந்தது. ஓட்முன் இரண்டு பைகளையும் தோளில் ஏற்றிக்கொண்டு பாதையில் திரும்பினான், ஊரைப் பார்த்து, இந்தப் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்காமல். மற்றது கொஞ்சம் தாமதித்தது. ஆற்றைப் பார்த்து நின்றது. பிறகு வலது கையை மெதுவாகத் தூக்கி, மலையில் ஒருவருக்கொருவர் செய்வது போல, நட்பாக அசைத்தது.

தூக்கிய கோட்டுக் கையின் உள்ளிருந்து தண்ணீர் ஊற்றியது. நிற்காமல். வாளியைக் கவிழ்த்தது போல.

பிறகு அது திரும்பி, நான்கே எட்டில் ஓட்முனை எட்டிப் பிடித்து, அவன் முதுகில் அந்தக் கறுப்பு ஈரத் திட்டு இருந்த அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தது. வைத்தபடியே அவன் பின்னால் இறங்கிப் போனது.